ஏரிக்கரையில் ஐனி ஆபாவின் நினைவு

பொன்னேரியில் ரயிலை விட்டிறங்கிப் பழவேற்காட்டு பஸ்ஸில் ஏறிக் கிழக்கு நோக்கிச் செல்லும் பிரயாணி, இருபுறமும் விரிந்த வயல்களின் பசுமை சிறிது சிறிதாகக் குறைந்து, மண்ணின் நிறம் வெளுத்து, ஜன்னல் வழியே வீசும் காற்றில் உப்பின் வாடை முதன்முதலாக ஏறுகின்ற இடத்தில், திருப்பாலைவனம் என்னும் ஊரைக் காண்கிறான். பெரும்பாலோர் அங்கே இறங்குவதில்லை. ஏரியையும் பறவைகளையும் பார்க்க வருகிறவர்கள் கோபுரத்தை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு அப்படியே சென்றுவிடுகிறார்கள். அவசரப்படாமல் அங்கே ஒரு காலைப் பொழுதைக் கழிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

திருப்பாலீசுவரர் கோயில் சோழர் காலத்தது. பாலை மரம் ஸ்தல விருட்சம். தேவர்கள் பாற்கடலில் கிடைத்த அமுதத்தை இந்த வனத்தில் அமர்ந்து உண்டார்கள் என்றும், அவர்கள் உண்டு எஞ்சியதே வெண்ணிற லிங்கமாக நின்றது என்றும், காட்டுக்குள் மறைந்து கிடந்த அதை இராஜேந்திர சோழன் கண்டெடுத்துக் கோயில் கட்டினான் என்றும் தலபுராணம் சொல்லுகிறது. பிரகாரத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து இந்தக் கதையை நினைத்துக்கொண்டிருந்தபோது, உண்டவர்கள் எல்லோரும் போன பிறகு மிச்சமாக நின்றதைப் பாதுகாத்து அதற்கு விளக்கேற்றி வருகின்ற இந்த ஊரின் சம்பிரதாயம், நான் எந்தத் துக்கத்தைச் சுமந்துகொண்டு வந்திருந்தேனோ அதற்கு மிகவும் பொருத்தமானது என்று எனக்குப் பட்டது.

அன்று ஆகஸ்டு மாதம் 21-ஆம் தேதி. 2007-ஆம் வருஷம் அதே தேதியில்தான், உருது நாவலாசிரியை குர்ரத்துல்ஐன் ஹைதர் டில்லியை அடுத்த நொய்டாவில் காலமானார். ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் அடக்கஸ்தலத்தில் அவர் துயில்கிறார். உருது உலகத்தில் அவருக்கு ஐனி ஆபா என்று பெயர். ஆபா என்றால் அக்காள். வயதில் மூத்தவர்கள்கூட அவரை அப்படியே அழைத்தார்கள் என்று கேள்வி. இரத்த பந்தம் எதுவும் இல்லாத ஒரு தமிழன் அவரைத் தன் குடும்பத்து மூதாட்டியாக எண்ணித் துக்கம் கொண்டாட உரிமை உண்டா என்று யாரேனும் கேட்டால், உண்டு என்றே நான் சொல்லுவேன். அவருடைய 'ஆக் கா தரியா', சௌரியின் தமிழில் 'அக்னி நதி'யாக நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட புத்தகம், என் கைக்கு வந்த நாளிலிருந்து, எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டிருக்க வேண்டிய பல சங்கதிகளை நான் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். டில்லிக்குப் போய் அந்த மண்ணின் அருகில் நிற்க எனக்கு வாய்க்கவில்லை. ஆகையால், நினைவு நாளில் ஏதேனும் ஒரு நீர்க்கரையில் அவருடைய புத்தகத்தோடு உட்காருவதை வழக்கமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். இம்முறை பழவேற்காட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அவருடைய குழந்தைப் பருவத்தில் ஒரு பகுதி அந்தமானில், போர்ட் பிளேரில் கழிந்தது. தகப்பனார் சஜ்ஜாத் ஹைதர் யில்தரிம் அங்கே சர்க்கார் உத்தியோகம் பார்த்தார். பழவேற்காட்டு முகத்துவாரத்தில் நின்று பார்க்கிற கடலும் அந்தக் குழந்தை பார்த்த கடலும் ஒரே வங்கக்கடல்தான். மற்றொன்று, அரபு எழுத்தில் தமிழை எழுதிப் படித்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர் அது.

ஐனி ஆபாவின் குடும்ப சரித்திரத்தைச் சிறிது விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால், போற்றப்பட்ட உருது எழுத்தாளராகவும் இருந்த வயது முதிர்ந்த உறவினர் ஒருவர் காலமானால் அவருக்காக எப்படித் துக்கிப்பது என்பதை அந்த வீட்டுப் பெண்களைவிட நன்றாக அறிந்தவர்கள் வேறெவரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. 1907-ஆம் வருஷத்தில் 'கூதர் கா லால்' என்று ஒரு நாவல் வெளிவந்தது. கந்தலில் கிடந்த மாணிக்கம் என்று பொருள். பெண் குழந்தைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்பதை வற்புறுத்திய அந்தப் புத்தகத்தை, பல குடும்பங்களில் மணப்பெண்ணின் சீர்வரிசையோடு சேர்த்துக் கொடுத்தனுப்புவார்களாம். அதை எழுதிய அக்பரி பேகத்தின் பெயர் புத்தகத்தில் இல்லை. 'அப்சல் அலியின் தாயார்' என்று மட்டுமே இருந்தது. அவருடைய சகோதரரின் மகள் எழுதத் தொடங்கியபோது, 'நஸ்ருல் பாகரின் மகள்' என்று கையெழுத்திட்டார். விவாகமான பிறகு அவரே நஸர் சஜ்ஜாத் ஹைதர் ஆனார். ஒரு தலைமுறைக்கு மகனுடைய பெயர், அடுத்த தலைமுறைக்குத் தகப்பனுடைய பெயர், பிறகு கணவனுடைய பெயர். இவ்வளவு திரைகளையும் தாண்டி, அத்தை எழுதியதைப் பார்த்து மருமகளும், தாய் எழுதியதைப் பார்த்து மகளும் எழுதினார்கள். மூன்றாம் தலைமுறையில்தான் ஒரு பெண் தன் சொந்தப் பெயரை அட்டையில் அச்சிட்டுக்கொண்டாள். அவள்தான் 1927-இல் அலிகரில் பிறந்த குர்ரத்துல்ஐன்.

ஐனி ஆபாவின் தாயாரான நஸர் சஜ்ஜாத் ஹைதர் சாமானியமான எழுத்தாளர் அல்லர். லாகூரில் மௌல்வி மும்தாஜ் அலியும் அவருடைய மனைவி முஹம்மதி பேகமும் 1898-இல் தொடங்கிய 'தஹ்ஸீபே நிஸ்வான்' என்ற மாதர் பத்திரிகையில் விடாமல் எழுதியவர். அதே ஸ்தாபனத்தார் குழந்தைகளுக்காக நடத்திய 'பூல்' பத்திரிகையின் ஆசிரியையாகவும் இருந்தவர். அந்தப் 'பூலி'ல்தான் பின்னாளில் சிறுமி குர்ரத்துல்ஐனின் குழந்தைக் கதைகள் வெளிவந்தன. 1943-இல் தகப்பனார் இறந்தார். தேசம் பிளவுண்ட 1947-இன் கடைசியில் தாயும் மகளும் பாகிஸ்தானுக்குப் போக நேர்ந்தது. பிறகு இங்கிலாந்து வாசம். அறுபதுகளின் துவக்கத்தில் இந்தியாவுக்கே திரும்பினார்கள். 1967-இல் தாயார் மறைந்தார்.

அந்த மகள் தாயாருக்காக என்ன செய்தார் என்பதே என் மனத்தை மிகவும் கவர்ந்த விஷயம். இரங்கற் பாட்டுப் பாடுவது உருதுவில் மகத்தான கலை. மர்ஸியா என்னும் புலம்பற் கவிதைக்கு அனீஸும் தபீரும் லக்னோவில் எழுப்பிய மாளிகைகள் இன்றும் நிற்கின்றன. ஆனால் ஐனி ஆபா, பழைய பத்திரிகைகளின் பொடிந்துபோகும் பக்கங்களிலும் கைகடந்துபோன பதிப்புகளிலும் சிதறிக் கிடந்த தாயாரின் நாவல்களையும் நாட்குறிப்புகளையும் தேடிச் சேர்த்து, பிழை பார்த்து, பதிப்பித்து, மறுபடியும் ஜனங்கள் படிக்கும்படி வெளியிட்டார். அதற்கு முன்பே, 'காரே ஜஹான் தராஸ் ஹை' என்னும் குடும்ப சரித்திர நாவலின் இரண்டு பாகங்களை எழுதி, தன் வம்சத்துப் பெரியவர்களையும் மூதாட்டிகளையும் அதில் நடமாட விட்டிருந்தார். தன்னுடைய நூல்களுக்கு அவகாசம் போதாமல் இருந்த காலத்திலும், 1967-இல் சாகித்திய அகாதெமி விருதும் 1989-இல் ஞானபீடமும் பெற்ற ஒருவர், தாயாருடைய புத்தகத்துக்குப் பிழை திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். எழுத்தாளருக்காகச் செய்யத்தக்க துக்கம் இதுவே என்று நான் நம்புகிறேன். கண்ணீர் எந்த உறவினருக்கும் பொது; எழுதியவருக்கு அதற்கு மேலே ஒரு கடன் பாக்கி இருக்கிறது, அவர் எழுதிய பக்கம் வாசிக்கத்தக்கதாக இருக்க வேண்டும்.

திருப்பாலைவனத்தை விட்டு மறுபடியும் பஸ் ஏறினால், சிறிது நேரத்தில் பழவேற்காடு வந்துவிடுகிறது. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி மட்டும் தமிழ்நாட்டில். வடக்கிலிருந்து காளங்கியும் தெற்கிலிருந்து ஆரணியாறும் இதில் கலக்கின்றன. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது. பூநாரைகள் திரளுவது மழைக்காலத்துக்குப் பிறகுதான். ஆகஸ்டில் ஏரி வற்றி, நீர் கனத்து, முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கடல் உள்ளே வரத் தயங்குகிற காலம். மீன்பாடு குறைவு. கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வாய் ஓயாமல் முகத்துவாரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய கிராமங்களில் 'பாடு' என்று ஒரு முறை நெடுங்காலமாக நடந்து வருகிறது. இறால் வளமான நீர்ப்பகுதிகளுக்குப் பாடு என்று பெயர். எந்த நாளில் எந்த ஊரார் எந்தப் பாட்டில் வலை கட்டுவது என்பதை முறை வைத்தும் சீட்டுப் போட்டும் பகிர்ந்துகொள்கிறார்கள். நல்ல பாடு ஒருவருக்கே நிலைத்துவிடாதபடி சுற்றி வரும் இந்த ஏற்பாட்டின் நியாயத்தை, வலையின் கண்ணிகளில் விரல் ஓடிக்கொண்டிருக்க, ஒரு முதியவர் எனக்கு அழகாக விளக்கினார். உரிமை தலைக்கட்டுக்குத்தான்; கலியாணமான ஆண்மகன் தலைக்கட்டு ஆகிறான். தகப்பனுக்குப் பின் மகன். "பொம்பளைங்களுக்கு?" என்று நான் கேட்டேன். "அவங்க கரையிலே மீனு வாங்கி விக்கிறாங்களே, அது போதாதா?" என்றார் அவர், மிகவும் இயல்பாக.

அவர் பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில், சற்றுத் தொலைவில், முழங்காலளவு நீரில் சில ஸ்திரீகள் குனிந்தும் தவழ்ந்தும் முன்னேறிக்கொண்டிருந்தார்கள். பாடும் இல்லாமல், வலையும் இல்லாமல், சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடிப்பவர்கள் அவர்கள். ஓலையால் முடைந்த பறியின் விளிம்பைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளையும் நீருக்குள் விட்டு, அகப்பட்ட இறாலைத் தலையை மட்டும் சிறிது தாழ்த்திப் பறிக்குள் போட்டுவிட்டு, மறுபடியும் கைகளை நீருக்குள் செலுத்துகிறார்கள். வாய் பறியைப் பிடித்திருப்பதால் பேச முடியாது. ஒருத்தி கரையேறி வந்து பறியைக் கீழே வைத்தபோது, அவளுடைய உதட்டோரத்தில் ஓலை அழுந்திய வரி சிவந்து கிடந்ததைப் பார்த்தேன். உரிமைப் பதிவு எதிலும் பெயர் இல்லாதவளுடைய சம்பாத்தியம் அந்தப் பறியில் உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தது. 'அப்சல் அலியின் தாயார்' என்ற பெயரில்லாப் பெயர் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

ஊருக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1613-இல் ஹெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை முழுவதற்கும் இதைத் தலைநகராக வைத்து வாணிபம் செய்தவர்கள் அவர்கள். இங்கிருந்து கப்பலேறிய சாயத் துணியின் கீர்த்தி இன்றும் மலாய் நாட்டில் 'பெலேகாட்' கைலி என்ற பெயரில் நிலைத்திருக்கிறது. துணியோடு மனிதர்களும் அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கோட்டை இன்று புதர் மூடிய மேடு. கல்லறைகளோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில், எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கும் வாயிலோடு திடமாக இருக்கின்றன. படுக்கை வாட்டில் கிடக்கும் பெரிய பலகைக் கற்களில் குலச் சின்னங்களும், கப்பல்களும், டச்சு எழுத்துக்களும் இன்று வெட்டியவை போன்ற கூர்மையோடு தெரிகின்றன. 'அக்னி நதி'யில் கும்பெனி உத்தியோகத்துக்கு வந்து வங்காளத்தில் செல்வம் சேர்க்கும் சிரில் ஆஷ்லி என்னும் ஆங்கிலேயனை, வெறுப்பு சிறிதும் இல்லாமல், அவனும் காலத்தின் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுகிற ஒருவன்தான் என்ற கருணையோடு ஐனி ஆபா படைத்திருக்கிறார். கௌதமன், சம்பகா, கமால் என்று அதே பெயர்கள் நந்தர் காலத்திலிருந்து பிரிவினைக் காலம் வரை மறுபடியும் மறுபடியும் பிறந்து வருகிற அந்த நாவலை எழுதியவர் இந்தத் தோட்டத்துக்கு வந்திருந்தால், ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு அத்தியாயம் கிடைத்திருக்கும். கல்லில் வெட்டுவித்துக்கொள்ளும் வசதி இருந்தவர்களின் பெயர்கள் முந்நூறு வருஷங்களைத் தாண்டி நிற்கின்றன. காகிதத்தில் எழுதியவர்களைத் தேட வேறு தெருவுக்குப் போக வேண்டும்.

அந்தத் தெரு பள்ளிவாசலை ஒட்டியது. அரபு தேசத்திலிருந்து கப்பலில் வந்து கரையேறியவர்களின் வழித்தோன்றல்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மரக்காயர் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அவர்களுடைய தாய்மொழி தமிழ், உருது அல்ல. உருது தமிழ்நாட்டில் செழித்தது வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்திலும், சென்னையில் ஆர்க்காட்டு நவாபின் சுற்றுப்புறத்திலும். வேலூரில் பிறந்த பாகர் ஆகாஹ், கற்றோருக்கு உரிய பாரசீகத்தை விட்டு, பெண்களுக்கும் சாதாரண ஜனங்களுக்கும் விளங்கும்படி தக்கினி உருதுவில் நபிகளின் சரித்திரத்தைப் பாடி வைத்தது பதினெட்டாம் நூற்றாண்டில். அதே நோக்கத்தோடுதான் கடற்கரை ஊர்களின் ஆலிம்கள், அரபியில் இல்லாத ட, ங, ள முதலிய ஒலிகளுக்காகப் புள்ளிகளைக் கூட்டி, அரபு எழுத்திலேயே தமிழை எழுதினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அந்த முறையில் எழுதிய நூல்களை வீட்டுப் பெண்கள் ஓதினார்கள். கீழக்கரை ஆசியா உம்மா போன்றவர்கள் தாங்களே பாடினார்கள். 1938-இல் 'காதலா கடமையா' என்ற நாவலை நாகூர் சித்தி ஜுனைதா பேகம் தமிழெழுத்தில் வெளியிட்டு, டாக்டர் உ.வே. சாமிநாதையரின் மதிப்புரையையும் பெற்றார். மூன்றாம் வகுப்போடு பள்ளி நின்றுபோன அந்த அம்மையாரையும், அலிகரின் நஸர் சஜ்ஜாத் ஹைதரையும் ஒரே திண்ணையில் உட்கார்த்திப் பேச வைக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவோ நாளாக ஆசை.

பள்ளிவாசல் மோதினார் என்னை ஒரு வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு மூதாட்டி, பனங்குருத்தோலையைக் கீறி, சாயம் தோய்த்துக் காய வைத்த கற்றைகளை மடியில் போட்டுக்கொண்டு பெட்டி முடைந்துகொண்டிருந்தார். ஒரு சிவப்பு, இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு என்று விரல்கள் கணக்குத் தவறாமல் ஓட, கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். வடதேசத்தில் ஒரு பெரிய எழுத்தாள அம்மா இருந்தார்கள், இன்று அவர்களுடைய நினைவு நாள், தாயார் எழுதியதையெல்லாம் தேடிப் பதிப்பித்தவர்கள் என்றேன். முடைவது நின்றது.

"எங்க உம்மா எழுதினதும் இருக்கு, தம்பி. கதை இல்லை, காயிதம்தான்" என்றார்.

உள்ளே போய் ஓலைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். மஞ்சளித்த தாள்கள், வலமிருந்து இடமாக ஓடும் அரபு எழுத்து, மடித்த இடங்களில் மை கரைந்து ஒன்றிரண்டு சொற்கள் போயிருந்தன. அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. படித்துச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை என்று மோதினார் வருத்தத்தோடு சொன்னார். அப்போது, பள்ளிக்கூடச் சீருடையில் வாசற்படியில் நின்றுகொண்டிருந்த பேத்தி, எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ இருக்கும், மெல்ல எட்டிப் பார்த்து, "குர்ஆன் எழுத்து மாதிரிதானே இருக்கு" என்றாள். மதரஸாவில் ஓதக் கற்றவள் அவள். கிழவி தாளை அவள் கையில் கொடுத்தார். சிறுமி முதல் வரியின்மேல் விரல் வைத்து, அர்த்தத்தை எதிர்பாராமல், ஒலியை மட்டும் கூட்டிக் கூட்டிப் படித்தாள். புள்ளி கூடிய எழுத்துக்களில் தடுக்கி நின்றாள். பாட்டி இன்னது என்று சொல்லிக் கொடுத்தார். நான்காவது சொல்லில் அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "நன்னி, இது தமிழு!"

அந்தக் கணத்தில் எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க நான் விரும்பவில்லை. அழிந்துபோயிற்று என்று ஆராய்ச்சியாளர்களும் என்னைப் போன்றவர்களும் துக்கம் விசாரித்துக்கொண்டிருக்கிற ஒரு வாசிப்பு, இரண்டு பாதிகளாகப் பிரிந்து ஒரே வீட்டில் இருந்திருக்கிறது: எழுத்து பேத்தியிடம், மொழி இருவரிடமும். இரண்டையும் பொருத்துவதற்கு ஒரு பிற்பகல் நேரம்தான் தேவைப்பட்டது. உருதுவுக்கும் வடதேசத்தில் பல வீடுகளில் இன்று இதே அவஸ்தை என்று சொல்லுகிறார்கள். பாட்டனார் எழுதிய கஜலைப் பேரன் தேவநாகரியில் எழுதிக் கொடுத்தால்தான் படிக்கிறான். ஐனி ஆபாவுக்கு மக்கட்பேறு இல்லை. அவர் விவாகமே செய்துகொள்ளவில்லை. மூன்று தலைமுறைப் பெண்களின் பேனா அவரோடு நின்றது. ஆகவே அவருடைய பக்கங்களை வாசிக்கத்தக்கவையாக வைத்திருக்கும் கடன், அவரை ஆபா என்று அழைத்த எல்லோர்மேலும் விழுந்திருக்கிறது. தமிழில் சௌரி அந்தக் கடனில் ஒரு பெரும்பங்கைத் தீர்த்துவிட்டுப் போயிருக்கிறார். 'காரே ஜஹான் தராஸ் ஹை' போன்ற பெரிய நூலையும், அவருடைய தாயாரின் நாவல் ஒன்றையாவது, நல்ல தமிழில் நேரே உருதுவிலிருந்து கொண்டுவரக்கூடியவர்கள் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் இன்று இருக்கிறார்கள். பதிப்பகத்தார் அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

சாயங்காலம் ஒரு படகில் முகத்துவாரத்துப் பக்கம் போய்வந்தேன். 'அக்னி நதி'யின் முதற்பகுதியில், போரில் விரல்களை இழந்த கௌதமன் சரயு நதியில் நீந்தும்போது கரைக்கல்லைப் பற்றிக்கொள்ள முடியாமல் வெள்ளத்தோடு போய்விடுகிறான். பல நூற்றாண்டுகள் கழித்துக் கமாலுத்தீன் அந்த நதிக்கரைக்கு வந்து சேர்கிறான். அந்தப் பக்கத்தைப் படகில் மறுபடியும் படித்தேன். படகுக்காரர் என்ன புஸ்தகம் என்று கேட்டார்; கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "நீந்தத் தெரிஞ்சவன்தான் சார் ஆத்துலே போவான்" என்று சொல்லி, கழியை ஊன்றிப் படகைத் திருப்பினார்.

பஸ்ஸுக்கு முன் அந்த வீட்டுக்கு மறுபடியும் போனேன். சிறுமி ஒரு கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், பாட்டி பக்கத்தில் இருக்க, முதல் கடிதத்தைத் தமிழெழுத்தில் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் ஆகியிருந்தது. வெளியூரில் வியாபாரத்துக்குப் போயிருந்த கணவருக்கு எழுதியது: கிணற்று நீர் உப்பாகிவிட்டது, குடிக்கிற தண்ணீருக்கு மேலத்தெருவுக்குப் போக வேண்டியிருக்கிறது, ஆட்டை விற்றுக் கடனில் பாதியைக் கொடுத்தாயிற்று, மூத்தவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, அனுப்பிய துணி நல்ல துணி ஆனால் நீளம் போதாது. அடுத்த வரியில் ஒரு சொல் மடிப்பில் போயிருந்தது. அது என்னவாக இருக்கும் என்று பாட்டியும் பேத்தியும் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். மோதினாரும் தம் பங்குக்கு ஒன்றைச் சொன்னார். மூன்றும் மூன்று விதமாக இருந்தன, மூன்றையும் எழுதி வைக்கும்படி நான் கேட்டுக்கொண்டேன்.